மானுக்குச் சோறு போடுபவர் யார்?

அமெரிக்காவில் முள்ளங்கி விதைக்கும் வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். கோடை முடியும் தறுவாயில் காட்டோரமாக அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ உழுது விதையைத் தூவுகிறார்கள். நம் சந்தையில் விற்கிற வெள்ளை முள்ளங்கியின் இனம்தான். யாரும் அதைப் பிடுங்கிச் சாம்பார் வைப்பதில்லை. உறைபனி விழுந்ததும் தழையில் இனிப்பு கூடும். மான்கள் தேடி வந்து மேயும். குளிர் முற்றி வேறு பச்சையே இல்லாமல் போன பிறகு குளம்பால் மண்ணைக் கீறிக் கிழங்கையும் தின்னும். விதைத்தவர் பக்கத்து மரத்தில் பரண் போட்டுக் காத்திருப்பார். கையில் துப்பாக்கியோ வில்லோ இருக்கும்.

பரணைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் செய்தியின் முதல் பாதியை மட்டும் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கிற ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். வாயில்லாச் சீவன் மேயட்டும் என்று நிலத்தை ஒதுக்கி, விதை வாங்கிப் போட்டு, அறுவடையே செய்யாமல் விடுகிற மனிதரா என்று கையெடுத்துக் கும்பிடுவார். பரணைச் சொன்னதும் அதே மனிதரைக் கொலைகாரர் என்பார். முள்ளங்கி மாறவில்லை, மான் மாறவில்லை, மேய்ச்சலும் மாறவில்லை. ஆகவே, தட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்துக் கொடை எது, தூண்டில் எது என்று பிரிக்க முடியாது. அந்தத் தட்டுக்கு யார் விலை கொடுக்கிறார்கள், யாருக்கு ஆதாயம் என்று கேட்டால்தான் தெரியும்.

அந்தக் கேள்வியை நம் ஊர்மீது திருப்பவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் சில மாநிலங்கள் மக்காச்சோளத்தைக் குவித்து வைத்து மானை வரவழைத்துச் சுடுவதைத் தடை செய்திருக்கின்றன. ஆனால் விதைத்து முளைத்த பயிருக்கு விலக்கு உண்டு. குவித்தால் குற்றம், விதைத்தால் விவசாயம். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது. 1972இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, கொல்வதோடும் கண்ணி வைப்பதோடும் இரை காட்டி இழுப்பதையும் சேர்த்திருக்கிறது. கொல்வதற்காக உணவு காட்டிக் கூப்பிட்ட கணமே, தோட்டா வெடிக்காவிட்டாலும், அது வேட்டை. நம் சட்டங்களில் நான் மனதார மதிக்கிற வரிகளில் இதுவும் ஒன்று.

இரை காட்டும் கலை தமிழனுக்குப் புதிதல்ல. பழக்கிய பெண்மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைக்கும் வழக்கம் சங்கப் பாடல்களில் இருக்கிறது. புறநானூற்றின் 320ஆம் பாடலில் அப்படிக் கட்டிவைத்த பிணையோடு எங்கிருந்தோ வந்த ஒரு கலைமான் விளையாடிக்கொண்டிருக்கும். வேட்டுவன் முற்றத்தில் அயர்ந்து தூங்குகிறான். கணவனை எழுப்பினால் மான் கிடைக்கும். அவன் மனைவியோ, ஓசை கேட்டால் கணவன் விழித்துக்கொள்வான், மான்களின் கூடலும் கலைந்துவிடும் என்று அசையாமல் இருக்கிறாள். மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழிகள் வந்து தின்கின்றன, அவற்றைக்கூட விரட்டவில்லை. தன் வீட்டுத் தினை போவது தெரிந்தே சும்மா இருந்தாள் அந்தப் பெண். விலை அவளுடையது. அதனால்தான் அதை இரக்கம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

திருப்பூர் வட்டாரத்துக்கு இன்னொரு வகைத் தூண்டிலும் நன்றாகத் தெரியும். இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற ஒன்று பரவியிருந்தது. தங்குமிடம் உண்டு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு, மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு என்று சொல்லித் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைப் புரோக்கர்கள் அழைத்து வந்தார்கள். அந்த மொத்தத் தொகை அவர்களுடைய கூலியிலிருந்தே பிடித்து வைக்கப்பட்ட பணம். நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவர்கள் பலர் அதையும் இழந்தார்கள். நெதர்லாந்தின் சோமோ நிறுவனம் 2011இல் வெளியிட்ட அறிக்கை, விடுதியை விட்டு வெளியே போக முடியாத அந்த வாழ்க்கையை உலகத்தின் முன் வைத்தது. அந்த மூன்று வேளைச் சாப்பாட்டைப் புண்ணியம் என்று சொன்னவர்கள் அன்று இருந்தார்கள். ஏழைப் பெண்ணுக்குச் சோறு போட்டுக் கல்யாணமும் நடத்திவைக்கிறோம் என்று மேடையில் பேசவும் செய்தார்கள். பரண் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தவறினால் இப்படித்தான் பேசத் தோன்றும்.

இனி, துப்பாக்கியே இல்லாத உணவுக்கு வருவோம். விலங்குக்கு உணவு கொடுத்தால் தோஷம் கழியும், கடன் தீரும், திருமணம் கைகூடும் என்று சொல்லப்படுகிறது. அதை நம்பித் திருமூர்த்திமலைக்குப் போகிறவர்கள் குரங்குக்கு வாழைப்பழமும் பொரியும் பிஸ்கட்டும் நீட்டுகிறார்கள். குரங்குக்குக் காட்டில் பழம் உண்டு, கொழுந்து உண்டு, பூச்சி உண்டு. மனிதன் கை நீட்டப் பழகிய குரங்கு அவற்றைத் தேடுவதை விடுகிறது. பிறகு பையைப் பறிக்கிறது, குழந்தையைக் கடிக்கிறது. கடித்த பிறகு கூண்டு வைத்துப் பிடித்து வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறார்கள். பழம் கொடுத்தவர் அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டார். அவர் கணக்கில் புண்ணியம் வரவாகிவிட்டது.

மானுக்கு இது இன்னும் ஆபத்து. அசைபோடும் விலங்கின் வயிறு புல்லுக்கும் தழைக்கும் பழகியது. திடீரென்று ரொட்டி, சோறு, தானியம் என்று மிகுதியாக விழுந்தால் முதல் இரைப்பையில் அமிலம் ஏறி மானே செத்துப்போகும். உணவோடு வருகிற பிளாஸ்டிக் பை இன்னொரு எமன். சென்னையில் கிண்டியிலும் ஐஐடி வளாகத்திலும் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் உருண்டைகள் கிடைத்தது பத்திரிகைகளில் வந்த செய்தி. அமெரிக்காவில் மான்களைக் கொல்லும் நலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டது, மருந்தில்லாத நோய். ஒரே இடத்தில் உணவைக் காட்டி மான்களைக் கூட்டினால் அது வேகமாகப் பரவும் என்பதால் பல பகுதிகளில் மானுக்குத் தீவனம் போடுவதையே தடுத்திருக்கிறார்கள். தன் பாவம் கழியவேண்டும் என்று ஒரு விலங்கின் வாயில் உணவைத் திணிப்பவர் அந்த விலங்கைத் தன் தேவைக்குப் பயன்படுத்துகிறார். வேட்டைக்காரருக்குத் தான் தேடுவது இறைச்சி என்று தெரியும். இவருக்குத் தான் தேடுவது என்ன என்பதே தெரியவில்லை. இருவரில் இவரை உயர்த்திப் பேச என் பகுத்தறிவு இடம் தரவில்லை.

அப்படியானால் திருப்பூர் மாவட்டத்து மானுக்கு உண்மையில் யார் சோறு போடுகிறார்கள்?

குருடிமலைப் பக்கம் பிறந்து வஞ்சிபாளையத்தருகே நொய்யலில் சேரும் கௌசிகா நதி, ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் ஓடை. அவிநாசி வட்டத்தில் புதுப்பாளையம், தெக்கலூர்ப் பக்கம் அந்த ஓடைப் புதர்களை அண்டிப் புள்ளிமான்கள் வாழ்கின்றன. ஒரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை. மறு பக்கம் நூற்பாலைகள், விசைத்தறிக் கூடங்கள், அளவுக்கல் நட்ட மனைகள். புலியோ செந்நாயோ இல்லாத சமவெளி. (2022 ஜனவரியில் பாப்பான்குளத்து மக்காச்சோளக் காட்டில் ஆட்களைத் தாக்கிய சிறுத்தை, சில நாளிலேயே திருப்பூர் நகரத்துக்குள் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. வழி தவறி வந்த விருந்தாளி அது; இங்கு நிலைத்து வாழ்வதற்கில்லை.) மானை இங்கே கொல்பவை தெருநாயும் வாகனமும் கிணறும்தான். தண்ணீர் தேடி ஊருக்குள் வந்த மானை நாய்கள் கடித்துக் குதறின என்ற செய்தி ஒவ்வொரு கோடையிலும் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு மூலையில் வருகிறது.

உயிரோடிருக்கிற மான் எதைத் தின்கிறது? ஓடையில் சீமைக்கருவேலம் கவிந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. இருட்டியதும் மான்கள் பக்கத்துக் காட்டுக்குள் இறங்குகின்றன. இந்தப் பக்கத்தில் காடு என்றால் வானம் பார்த்த விளைநிலம். சோளமும் கொள்ளும் பாசிப்பயறும் நிலக்கடலையும் விளைகிற நிலம். குருத்து விடுகிற பருவத்தில் ஒரு கூட்டம் ஓரிரவு மேய்ந்தால் அந்தப் பாத்தியில் மீண்டும் விதைக்கத்தான் வேண்டும். விதை கடனில் வாங்கியது, உழவு டிராக்டர் வாடகையில் ஓட்டியது, மழை ஒரு முறைதான் பெய்தது. அமெரிக்க வேட்டைக்காரர் விரும்பி விதைத்த முள்ளங்கிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஊன்றிப் பாருங்கள். அவர் விதைத்தபோதே கொடுத்துவிட்டார். இவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்து மானுக்குக் கொடுத்துவிட்டு, மான் எவ்வளவு அழகு என்று நாம் கைப்பேசியில் படம் பார்க்கிறோம்.

விரட்டினால் குற்றமா என்று விவசாயி பயப்படுகிறார். இழப்பீடு கேட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அலுவலரிடமும் வனத்துறையிடமும் நடக்கவேண்டும். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் மேய்ந்த தடம் காய்ந்துவிடும். சலித்துப்போய்ச் சிலர் சோளத்தை விட்டுத் தென்னைக்கு மாறுகிறார்கள். சிலர் நிலத்தை மனைபோட விற்கிறார்கள். நிலம் மனையானதும் மானுக்கு இருந்த கடைசித் தட்டும் போகிறது.

இவரைப் போன்ற நிலத்துக்காரர்களிடம் ஏற்கெனவே ஒரு முறை விலை வசூலித்திருக்கிறோம். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. தண்ணீர் கேட்டு வாங்கவேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சும் நிலைக்கு வந்தார்கள். நீதிமன்றப் படிக்கட்டு ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் அந்தக் கணக்கை ஊர் திரும்பிப் பார்த்தது. பனியன் தொழிலின் செழிப்புக்கு அன்று அவர்கள் மண் விலையானது. நம் மான் நேசத்துக்கு இன்று இவர்கள் பயிர் விலையாகிறது.

கொங்குநாட்டுக்குப் பக்கத்திலேயே இதற்கொரு பழைய கதை இருக்கிறது. மாவட்டத்தின் தென்எல்லையைத் தாண்டினால் பழனி. அந்த மலைநாட்டை ஆண்ட பேகன் கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிப் பிள்ளைகள் வரை தெரியும். மயில் அதை உடுத்தப்போவதும் இல்லை, போர்த்தப்போவதும் இல்லை. அது தெரிந்தே கொடுத்தான் என்று பரணரே பாடுகிறார். இவ்வளவுதான் நமக்குப் பாடமாக வந்தது. புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள பாடல்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டுவிட்டு வேறொருத்தியிடம் இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று புலவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். பரிசில் வாங்கிப் பிழைக்கிறவர்கள். அவன் முகம் சுளித்தால் அவர்கள் அடுப்பு எரியாது. ஆனாலும், உன் பொன்னும் மணியும் வேண்டாம், தேரைப் பூட்டி அவளிடம் போ, அதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்றார்கள். மயிலுக்கு இரங்கத் தெரிந்தவனே, உன் வாசலில் அழுகிறவளுக்கு இரங்கமாட்டாயா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. என்னைக் கேட்டால், தமிழில் பகுத்தறிவு பேசியவர்களின் முதல் வரிசையில் அந்த நால்வரும் நிற்கவேண்டும். கொடையைப் புகழ்வதோடு நின்றுவிடாமல், அந்தக் கொடைக்கு அப்பால் யார் கைவிடப்பட்டார்கள் என்று பார்த்தார்கள்.

மயிலையே எடுத்துக்கொள்வோம். 1963இல் தேசியப் பறவையானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முருகனின் வாகனம் என்ற கவசமும் உண்டு. தாராபுரம், காங்கயம், பல்லடம் பக்கம் எந்த விவசாயியையும் கேளுங்கள். தக்காளி பழுக்க விடுவதில்லை, விதைத்த கடலையைக் கிளறுகிறது, மக்காச்சோளக் கதிரை உரிக்கிறது என்பார்கள். மயிலின் முட்டையையும் குஞ்சையும் தின்ற குள்ளநரி அருகிவிட்டது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பொறுக்கமாட்டாமல் தானியத்தில் விஷம் கலந்து வைத்துக் கைதானவர்கள் பற்றிய செய்திகள் கொங்குப் பகுதியிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. விஷம் வைத்தது கொடுமை; அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கை விஷத்தை எடுக்கும் வரை, மயிலுக்கு உணவு போட்ட செலவில் ஒரு ரூபாயைக்கூட ஏற்காத நாம் அவரைப் பாவி என்று சொல்லும் தகுதியை எங்கே பெற்றோம்?

இரண்டு மறுப்புகள் வரும். காட்டை அழித்து வயலாக்கியது விவசாயிதானே, விலங்கு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பது முதல் மறுப்பு. அவிநாசிச் சாலையில் நின்று பார்த்தால் இதற்குப் பதில் கண்ணெதிரே தெரியும். ஆலையும் குடோனும் மனையும் கட்டியவர்கள் நிலத்தில் மான் மேய்வதில்லை. மேய அங்கே ஒன்றும் இல்லை. பச்சையை மிச்சம் வைத்திருப்பவருக்கு மட்டும் தண்டனை என்றால் அது என்ன நீதி?

சரி, மானுக்கென்று தனியாகத் தீவனப் பயிர் போட்டுவிடலாமே என்பது இரண்டாவது. கேட்க இனிமையாக இருக்கிறது. முள்ளங்கி விதைக்கும் நாட்டைப் பாருங்கள். 1900 வாக்கில் வேட்டையால் அழிவின் விளிம்புக்குப் போன அவர்களுடைய வெண்வால் மான் இன்று சுமார் 3 கோடி. ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் மானைச் சுட்டும் அந்த எண்ணிக்கை குறைந்தபாடில்லை. கொன்று தின்னும் விலங்கு இல்லாத சமவெளியில் கூடுதல் தீவனம் போட்டால் கூடுதல் குட்டி பிழைக்கும். அடுத்த ஆண்டு அவையும் சோளக்காட்டுக்கே வரும். வேண்டியது பயிர் இல்லை. மானின் பழைய புல்வெளி. கொங்குநாட்டுக்குக் கொரங்காடு தெரியும். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கயம் மாட்டை வளர்த்தெடுத்த மேய்ச்சல் நிலம் அது. அந்தப் புல்லையே கௌசிகா ஓடையிலும் புறம்போக்கிலும் சீமைக்கருவேலத்தை அகற்றிவிட்டு மீட்கலாம். மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் ஆர்வம் நம்மிடம் நிறைய இருக்கிறது. மானுக்கு முதலில் வேண்டியது புல்.

அதுவரை விளைச்சல் இழப்புக்கு யார் பணம் தருவது? இங்கேதான் அந்த வேட்டைக்காரர் நம்மை நிமிர்ந்து பார்க்கிறார். 1937இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தின்படி அங்கே விற்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. மானைச் சுடுகிறவர் மானுக்காக வரி கட்டுகிறார். மானை நேசிக்கிற நாம் என்ன கட்டுகிறோம்? வேட்டையைத் திறந்துவிடச் சொல்லி இதை எழுதவில்லை. தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி விஷயத்தில் 2025இல் தூரக்கணக்கு வைத்து முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்றது. மானுக்கும் மயிலுக்கும் அப்படி ஒரு நாள் வரவேண்டாம் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் கொல்லாமையை விரும்புகிறவர், அந்தக் கொல்லாமையின் செலவைப் பக்கத்து வயல்காரர் தலையில் வைக்கக்கூடாது. வைத்தால் அது அடுத்தவன் பணத்தில் செய்த தானம்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வரும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். சுற்றுச்சூழலும் விலங்கு நலமும் அந்தப் பட்டியலில் உள்ளன. புதுப்பாளையத்திலும் தெக்கலூரிலும் மான் மேய்ந்த சோளத்துக்கு, மேய்ந்த வாரத்திலேயே, சந்தை விலையில் பணம் கொடுக்கும் ஒரு நிதியை ஏற்றுமதியாளர் சங்கமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து இந்த ஆண்டே தொடங்கலாம். பயிர்ச் சேதத்தைக் கைப்பேசிப் படத்தோடு பதிவு செய்து, ஊராட்சி அளவிலேயே சரிபார்த்துக் கொடுக்கமுடியும். கோயில் வாசலில் குரங்குக்குப் பழம் வாங்கும் காசைக்கூட அதில் போடலாம்.

திருப்பூர்க்காரர்களே, மான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம், நல்ல முடிவு. அதற்கான பணத்தை நாம் கட்டுவோம், விவசாயியிடம் பிடுங்கவேண்டாம்.